கடைசிப் பாட்டுக்கும் வேன் கதவுக்கும் நடுவே

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். சித்திரையில் விளாத்திகுளம் பக்கத்தில் ஓர் ஊருக்கு அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தோம். கச்சேரி முடிய இரவு இரண்டரை மணி. சாமான்களை வேன் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து ஏற்றும்போது என் கீபோர்டு பை, குழுத் தலைவரின் ரிதம் பேடு, இரண்டு கார்ட்லெஸ் மைக் இருந்த பெட்டி மூன்றும் இல்லை. கீபோர்டு செகண்ட் ஹேண்டில் 58,000 ரூபாய்க்கு வாங்கியது, பில் கிடையாது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள். தலைவர் மை போட்டுப் பார்க்கிற இடத்துக்குப் போய்வந்து, புதிதாகச் சேர்ந்த சாமான் தூக்கும் பையன்தான் எடுத்திருக்கிறான் என்கிறார். குழுவுக்குச் சாமான் வைக்கும் ஷெட் முகவரியில் ஒரு திருட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது. அதில் பணம் வருமா? இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: தம்பிக்கு,

பணத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால் கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஷெட் பாலிசியில் ஒரு பைசா பெயராது. இருபத்திரண்டு வருடமாக நஷ்டத்தைப் பார்த்து மதிப்பிடுகிற இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன், இந்த மாதிரி ஃபைல்கள் நிறையப் பார்த்துவிட்டேன். ஏன் வராது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட அவசரமான வேலை ஸ்டேஷனில் இருக்கிறது.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது வழக்கு. வழக்கு இருந்தால்தான் நாளைக்கு விருதுநகரிலோ மதுரையிலோ வேறு ஒரு திருட்டில் எவனாவது மாட்டி, அவன் வீட்டில் நாலு கீபோர்டு இருந்தால், அதில் ஒன்று உங்களைத் தேடி வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-வது பிரிவு. போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் போலீஸ் தானாக வழக்கெடுக்க முடியாத சில்லறைத் திருட்டாகும். உங்கள் கீபோர்டு ஒன்று மட்டுமே அதற்குப் பத்து மடங்குக்கு மேல். போலீஸ் தானாக வழக்கெடுக்கக்கூடிய குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் நீங்கள் ஸ்டேஷனில் போய்ச் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. புகார் எழுதுகிற ஸ்டேஷன் ரைட்டரிடம் மல்லுக்கு நின்றால் வேலை நடக்காது. அவர் ஏன் சி.எஸ்.ஆரோடு நிறுத்தினார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மனுவின் நகல் என் கையில் இல்லை, ஆனாலும் அதில் என்ன இருந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன்: ‘கருப்புக் கலர் கீபோர்டு ஒன்று, பேடு ஒன்று, மைக் இரண்டு.’ தமிழ்நாட்டில் இருக்கிற கீபோர்டுகளில் முக்கால்வாசி கருப்பு. இதை வைத்துக்கொண்டு அவர் எதைத் தேடுவார்? ஸ்டேஷனும் சரி, இன்சூரன்ஸ் கம்பெனியும் சரி, கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தக் கீபோர்டு? அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்பதில்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

அந்தப் பதில் கீபோர்டின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருந்தது. சீரியல் நம்பர். நீங்கள் அதை ஒருமுறையாவது படித்திருக்கிறீர்களா? படித்தவர்கள் குறைவு. ஸ்டேண்டில் உரசி உரசிப் பாதி எழுத்து அழிந்துபோன ஸ்டிக்கர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்போது கீபோர்டே கையில் இல்லை, ஆனால் நம்பர் வேறு எங்காவது உட்கார்ந்திருக்கும், தேடுங்கள். விற்றவரைப் போய்ப் பாருங்கள். பில் போயிருந்தாலும், கீபோர்டு வந்த அட்டைப் பெட்டியை எங்கள் ஊர்க்காரர்கள் தூக்கிப் போடமாட்டார்கள், பரணில் பழைய துணி போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியின் ஓரத்திலும் பெரும்பாலும் அதே நம்பர் ஒட்டியிருக்கும். வாரண்டி கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது. எங்காவது சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கடையின் ரசீதுப் புத்தகத்தில் எழுதியிருக்கலாம். 58,000 ரூபாயை யு.பி.ஐ.யிலோ வங்கி மூலமோ அனுப்பியிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட் பக்கமே பாதி பில். விற்றவரிடம் ‘இந்த மாடலை இந்தத் தேதியில் இவருக்கு இந்த விலைக்கு விற்றேன்’ என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிவிடுங்கள். அவர் தயங்கினால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது.

நம்பரே கிடைக்கவில்லை என்றால் வடு, கீறல். கொஞ்ச வருடத்துக்கு முன்னால் ஒரு சர்ச்சில் கீபோர்டு போன கேஸை நான் பார்த்தேன். ஆறேழு வாரம் கழித்து ஒரு ஸ்டேஷனில் மோட்டார், பேட்டரி இத்தியாதிகளோடு ஒரு கீபோர்டு பிடிபட்டது. என்னுடையது என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடியில் ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தது. சர்ச்சில் வாசிக்கிறவர் சொன்னார்: ‘சார், நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் மற்றதைவிட வெளுப்பாக இருக்கும், உடைந்து புதிதாக மாற்றினேன்.’ பார்த்தால், பழுப்பேறிய பல்வரிசையில் புதுப் பல் கட்டின மாதிரி அது மட்டும் பளிச்சென்று இருந்தது. அப்படியும் எதிராளி விடவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் ஓர் அடாப்டரை வரவழைத்து மேஜை மேலேயே வைத்து ஆன் செய்யச் சொன்னார். சர்ச்சில் வாசிக்கிறவர் தாமாகச் செய்து சேமித்து வைத்திருந்த டோன்களின் பட்டியலைத் திறந்தார். அதில் ஏழெட்டு டோன்கள் அவருடைய மகளின் பெயரில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக இருந்தன. எடுத்தவனுக்கு அழிக்கத் தெரியவில்லை. எதிராளி அதற்கப்புறம் அங்கே நிற்கவில்லை.

ஆகவே உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். எந்தக் கட்டை அமுங்கி எழும், எந்தக் குமிழ் மாற்றியது, பையின் எந்த ஜிப்புக்குக் கயிறு கட்டியிருந்தீர்கள், உள்ளே என்னென்ன டோன், என்னென்ன பெயரில். பழைய கச்சேரி வீடியோக்களைத் தேடுங்கள். கொடைக்காரர்கள் எடுத்து யூடியூபில் போட்டிருப்பார்கள், அதில் நீங்கள் வாசிக்கும்போது கீபோர்டு தெளிவாகத் தெரிகிற இடத்தை நிறுத்திப் படமெடுங்கள். இவ்வளவையும் சேர்த்துக் கூடுதல் மனு ஒன்று கொடுங்கள், சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு. எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், எத்தனை மணிக்கு இல்லையென்று பார்த்தீர்கள், அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள், கோயில் கமிட்டியோ பக்கத்துக் கடையோ கேமரா வைத்திருந்ததா என்பதும் இருக்கட்டும். கேமராப் பதிவு பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிந்து அதன் மேல் புதியது பதிவாகிவிடும், அதை இன்றைக்கே போய்க் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அப்படியும் வழக்குப் பதிய மறுத்தால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட். அந்த அளவுக்குப் பெரும்பாலும் போகாது.

அந்தப் பையன் விஷயம். மை போட்டுப் பார்த்ததில் பையன் முகம் தெரிந்தது என்று யாராவது மனுவில் எழுதி வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு நேரில் தெரிந்தது மட்டும் எழுதுங்கள்: இன்னார் புதிதாக வந்தார், அந்த நேரத்தில் இன்ன இடத்தில் இருந்தார். மற்றதைப் போலீஸ் விசாரிக்கட்டும். குழுவே அவனைப் பிடித்து வைத்து மிரட்டுவது, செல்போனைப் பிடுங்குவது எல்லாம் உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். என் அனுபவத்தில் இப்படி முதலில் மாட்டுகிறவன் சம்பளம் குறைவாக வாங்குகிறவனாகத்தான் இருக்கிறான். எடுத்தவன் பல சமயம் பந்தலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று முழுக் கச்சேரியும் கேட்டவன்.

அப்புறம், போன பொருள் எங்கே போகும்? பெரும்பாலும் எடுத்தவனுக்கு அதன் மதிப்பே தெரியாது. 2010 நவம்பரில் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண்ட்விச் கடையில் மின்-ஜின் கிம் என்ற வயலின் கலைஞரின் காலடியில் இருந்த வயலினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1696-ல் ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் செய்தது, பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்பு. எடுத்தவர்கள் அதை ஓர் இன்டர்நெட் மையத்தில் ஒரு பஸ் டிரைவரிடம் நூறு பவுண்டுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். ‘என் பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு ரெக்கார்டர் குழல் இருக்கிறது’ என்று அவர் வேண்டாமென்று விட்டாராம். உங்கள் கீபோர்டும் இந்நேரம் ஐயாயிரத்துக்கோ எட்டாயிரத்துக்கோ கைமாறப் பார்த்துக்கொண்டிருக்கும். கோவில்பட்டி, சாத்தூர், தூத்துக்குடி, திருநெல்வேலியில் பழைய கருவி வாங்கி விற்கிற கடைகளுக்கும் கீபோர்டு சர்வீஸ் பண்ணுகிறவர்களுக்கும் படத்தோடு தகவல் சொல்லி வையுங்கள். அடாப்டர் உங்கள் கையில் தனியாக இருந்தால் இன்னும் நல்லது, அடாப்டர் கேட்டு ஒருவன் கடைக்கு வருவான். வாசிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள், ஆனால் எல்லா அடையாளத்தையும் போடாதீர்கள். ஒன்றிரண்டை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு நிரூபிக்க உதவும். ஆன்லைனில் பழைய சாமான் விற்கிற இடங்களில் அதே மாடல் விலைக்கு வந்தால் படத்தைச் சேமித்துவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். வாங்குகிறவன் மாதிரி நீங்களே தனியாகப் போய் நிற்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பதும் நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும், பக்குவமாகச் சொன்னால் ஒத்துழைப்பார்கள்.

பொருள் கிடைத்துவிட்டால் வழக்கு முடியும் வரை ஸ்டேஷன் அறையில் கிடந்து எலி கடிக்க வேண்டியதில்லை. படமெடுத்து, சாட்சிகள் முன்னால் பஞ்சநாமா எழுதி, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும், பதினைந்து நாள் அல்லது ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட்டில் மனுப் போட்டு இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம், இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497-வது பிரிவு. அந்த மனுவிலும் அதே கேள்விதான் கேட்பார்கள்: இதுதான் உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?

இனி இன்சூரன்ஸ். தலைவர் எடுத்திருப்பது பர்க்ளரி பாலிசி என்று நினைக்கிறேன். பத்தில் ஒன்பது பேர் ‘திருட்டு இன்சூரன்ஸ்’ என்று சொல்வது அதைத்தான். அதில் இரண்டு முடிச்சு இருக்கிறது. ஒன்று, பாலிசியில் எழுதிய முகவரிக்குள் நடந்திருக்க வேண்டும். உங்களுடையது கோயில் பொட்டலில் நடந்தது. இரண்டு, பூட்டை உடைத்தோ ஷட்டரை நெம்பியோ ஆளை அடித்தோ பலவந்தமாக நடந்திருக்க வேண்டும். திறந்து கிடந்த இடத்தில் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனால் அது அந்தப் பாலிசியின் கண்ணில் திருட்டே இல்லை. ஊர்ப் பேச்சில் திருட்டு எல்லாம் ஒன்றுதானே என்று வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு. பாலிசியில் என்ன விளக்கம் எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும், பலவந்தம் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. இதற்கு மேல் மூன்றாவது முடிச்சும் இருக்கிறது: கீபோர்டு உங்களுடையது, பாலிசி தலைவர் பெயரில். வாசிக்கிறவர்களின் சொந்தக் கருவிகளும் இதில் அடக்கம் என்று எழுதி வாங்காவிட்டால் ஷெட்டுக்குள்ளேயே போயிருந்தாலும் இழுபறிதான்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஆறுதல் பட வேண்டாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி நல்ல பாலிசி, ஆனால் தீ, வெள்ளம் போன்று ஏதாவது நடந்து அதைத் தொடர்ந்து ஏழு நாளைக்குள் திருட்டுப் போனால்தான் அதில் வரும். சும்மா இருக்கிற வீட்டில் திருடன் புகுந்தால் அதற்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

உங்களைப் போல ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ‘ஆல் ரிஸ்க்’ என்ற வகைதான் பொருத்தம். பெயர் அப்படியே தவிர எல்லா ரிஸ்க்கும் அதில் இல்லை. ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள், இவற்றை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள்: பூட்டு உடைபடாத திருட்டு வருமா? ஆள் இல்லாமல் நிற்கிற வண்டியிலிருந்து போனால் வருமா? பெரும்பாலும் வண்டி பூட்டியிருந்து, உடைத்த அடையாளம் இருந்தால்தான் தருவார்கள். மேடையிலோ மேடைக்குப் பின்னாலோ கவனிக்க ஆளில்லாமல் வைத்திருந்தால்? சொந்த வேலையாள் எடுத்தால்? அதைப் பொதுவாக ஒதுக்கியிருப்பார்கள். எப்படிப் போனது என்றே தெரியாமல் கணக்கில் குறைந்தால்? அதுவும் ஒதுக்கல்தான். கருவிகளை வாடகைக்கு விடுவீர்களா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கருவியையும் மாடல், சீரியல் நம்பர், விலையோடு அட்டவணையில் ஏற்றச் சொல்லுங்கள். ‘இசைக் கருவிகள், மொத்தம்’ என்று ஒரே வரியில் போட்டால் பின்னால் என் மாதிரி ஆள் வந்து ஒவ்வொன்றாகக் கேட்கும்போது முழிப்பீர்கள்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போடுவது நம் பழக்கம். அதனால் வருகிற நஷ்டத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். குழுவின் சாமான் மொத்தம் நாலு லட்சம் பெறும், பாலிசி இரண்டு லட்சத்துக்கு எடுத்திருக்கிறீர்கள், 80,000 ரூபாய்க் கருவி போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்துக்குள்தானே, முழுசும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. பாதி மதிப்புக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்பதால் நஷ்டத்திலும் பாதிதான், 40,000. அதிலும் தேய்மானம் கழியும், நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகையும் கழியும். இந்த விதி உங்கள் பாலிசிக்கு உண்டா, பழசுக்குப் புதுவிலை தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கம்பெனி முழுத் தொகையைக் கொடுத்த பிறகு பொருள் கிடைத்தால் அது கம்பெனியைச் சேரும். அந்த லண்டன் வயலின் 2013-ல் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அம்மாள் அதற்குள் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கி, அதில் வேறு வயலினும் வாங்கிவிட்டார். வயலின் கம்பெனிக்குச் சொந்தமாகி, அந்த வருட டிசம்பரிலேயே ஏலத்தில் போனது. அப்பா, தாத்தா காலத்து வீணையோ நாகஸ்வரமோ இன்சூர் செய்கிறவர்கள், திரும்பக் கிடைத்தால் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டா என்று முன்னாலேயே எழுதி வாங்குவது நல்லது. கீபோர்டுக்கு அவ்வளவு கவலை இல்லை.

இனிமேல் என்ன செய்வது என்று கேட்டீர்கள். பூட்டு, சங்கிலி எல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: ‘வேன் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.’ நான் பார்த்த மேடைத் திருட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான். கச்சேரி நடக்கும்போது ஆயிரம் கண் மேடை மேல் இருக்கும், எவனும் தொடமாட்டான். வேன் கதவைச் சாத்திய பிறகும் திருடனுக்குக் கஷ்டம்தான். கடைசிப் பாட்டு முடிந்து வேன் கதவு சாத்துவதற்குள் இருக்கிற அந்த அரை மணி நேரம்தான் அவனுக்குத் திருவிழா. பாடகியோடு செல்ஃபி எடுக்க ஊரே மேடை ஏறும். லைட் செட் காரர் அவர் அவசரத்துக்குச் சீரியல் பல்பையும் டியூப்பையும் கழற்ற ஆரம்பிப்பார், ஜெனரேட்டர் நிற்கும். இருட்டில் பை தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் நம் பையன் என்று ஊர்க்காரர் நினைப்பார், ஊர்க்காரர் ஒத்தாசைக்குத் தூக்குகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். டிரைவர் முன்சீட்டில் தூங்குவார். கமிட்டிக்காரர் ‘சாப்பாடு ஆறுது, வாங்க’ என்று கையைப் பிடித்து இழுப்பார். எல்லாரும் போவீர்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பீர்கள்.

இதற்கு மருந்து பூட்டு இல்லை, ஓர் ஆள். அன்றைய கச்சேரிக்கு ஒருவரின் பெயரைச் சொல்லி ‘இன்றைக்கு வண்டி உன்னுடையது’ என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு பையைக்கூடத் தூக்கக் கூடாது. வேனின் பின்கதவில் நிற்பதும் எண்ணுவதும்தான் அவர் வேலை. அவர் கடைசிப் பந்தியில் சாப்பிடட்டும், அதற்காக நூறு, இருநூறு சேர்த்துக் கொடுங்கள், முறைவைத்து எல்லாருக்கும் வரட்டும். தலைவருக்கும்தான். சாமான் ஏறிக் கதவு பூட்டிய பிறகுதான் இலையில் உட்காருவது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. சாப்பாடு ஆறட்டும். ஒப்பந்தம் பேசும்போதே கமிட்டியிடம் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்: எங்கள் வண்டி கிளம்பும் வரை மேடைப் பக்கம் ஒரு லைட் எரிய வேண்டும், வண்டியை மேடைக்குப் பின்னால் ஒட்டி நிறுத்த இடம் வேண்டும். இதுவரை இதை மறுத்த கமிட்டியை நான் கேள்விப்பட்டதில்லை, கேட்ட குழுவையும் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

எண்ணுவதற்கு எண் வேண்டுமே. ஒவ்வொரு பையிலும் பெட்டியிலும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை பெயின்டில் 1, 2, 3 என்று போடுங்கள், மொத்தம் பதினான்கு என்றால் 3/14 என்று. ஷெட்டில் ஏற்றும்போது, மேடையில் இறக்கும்போது, திரும்ப ஏற்றும்போது, ஷெட்டில் இறக்கும்போது, நாலு தடவை எண்ண வேண்டும். எது இல்லை என்று அரை நிமிடத்தில் தெரிந்தால் ஊர் எல்லைக்குள்ளேயே பிடித்துவிடலாம். உங்கள் கதையில் எத்தனை மணிக்குப் போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. பையின் மேல் கம்பெனிப் பெயர் பெரிதாக மின்னுகிறது அல்லவா, அதைப் பிரித்தெடுத்துவிடுங்கள். அழுக்கான பையை எவனும் ஆசைப்பட்டுத் தூக்கமாட்டான்.

அடுத்த கீபோர்டு வாங்கியதும், வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால், கவிழ்த்துப் போட்டு அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும். ஸ்டிக்கர் மேல் கண்ணாடி டேப் ஒட்டுங்கள். சில மாடல்களில் செட்டிங்ஸில் உரிமையாளர் பெயர் போட இடம் இருக்கிறது, ஆன் செய்ததும் திரையில் வரும், அதைப் பயன்படுத்துங்கள். டோன்களையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வைக்கிறீர்கள், தெரியும், ஆனால் அந்தப் பென்டிரைவ் எங்கே இருக்கிறது? கீபோர்டு பையின் சைடு பாக்கெட்டில். அதுவும் சேர்ந்தேதான் போயிருக்கும். பதினோரு வருட உழைப்பு அது, 58,000 ரூபாயைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய நஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இனி ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் இணையத்தில்.

பைக்குள் போடும் புளூடூத் டேக் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம், நம்பிவிடக் கூடாது. அது அக்கம்பக்கத்தில் போகிற போன்களைப் பிடித்துத்தான் தன் இடத்தைச் சொல்லும். மதுரை பஸ் ஸ்டாண்டில் அது ஊமையாக இருக்காது, விளாத்திகுளம் கரிசல்காட்டில் நடுராத்திரி என்ன சொல்லும்? அதிலும் நம் ஊர்ப்பக்கம் ஆண்ட்ராய்டு போன்தான் அதிகம், ஐபோனுக்கான டேகை வாங்கி ஏமாற வேண்டாம். வாங்கினால் பை பாக்கெட்டில் போடாமல், உறையின் துணியைப் பிரித்து ஸ்பாஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற மறக்காதீர்கள்.

ஷெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒன்றே ஒன்று: கேமராவின் ரெக்கார்டர் பெட்டியை ஷெட்டுக்குள் மேஜை மேல் வைக்காதீர்கள். திருடன் அதையும் கழற்றிக்கொண்டு போவான், போயிருக்கிறான்.

ரயிலில் வெளியூர்க் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களோடு எடுத்துப் போகிற சாமான் தொலைந்தால் ரயில்வே ஊழியரின் கவனக்குறைவு என்று நிரூபித்தால் தவிர ரயில்வே பொறுப்பில்லை, 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு அது. கீழ் பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கும், பிளாட்பாரத்தில் விற்கிற சங்கிலியை வாங்கிக் கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டிவிட்டுத் தூங்குங்கள். போய்விட்டால் வண்டியிலிருந்தே 139-க்கு அழைத்துச் சொல்லலாம், எந்த ஊர் எல்லையில் போனது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும் என்றுதான் இப்போதைய சட்டம் சொல்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாலிசியில் வராது என்று நான் சொன்னாலும் தலைவரை எழுத்தில் கிளெய்ம் கேட்கச் சொல்லுங்கள். அவருடைய பாலிசியில் ஏதாவது கூடுதல் இணைப்பு இருக்கிறதா என்று எனக்குப் பார்க்காமல் தெரியாது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் காரணம் சரியில்லை என்று தோன்றினால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கிற ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இந்த வாரத்தில் விற்றவரைப் பார்த்து அந்தத் தாளை வாங்கிவிட்டு, அட்டைப் பெட்டி, வீடியோப் படங்கள், கூடுதல் மனு இரண்டு பிரதி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, பக்கத்தில் கொடை, பந்தோபஸ்து எதுவும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துக் காலை பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போங்கள். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், சாட்சியாக.